பெரிய கால்வலி

எங்கள் ஊருக்குத் தடுப்பூசி போட வந்த நர்சம்மாவிடம் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. வாதாடுவதற்கே அவர் இடம் கொடுக்க மாட்டார். நீங்கள் எதைச் சொல்லி அவரை மடக்கப் பார்த்தாலும், "நானும் அதத்தானே சொன்னேன்" என்று உங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வார். அதற்கப்புறம் நீங்கள் யாரிடம் சண்டை போடுவது?

ஒன்பது மணிக்கு பஸ் வரும் என்பார். அவரை நம்பி ஒன்பதுக்குப் போய் நின்றால் எட்டே முக்காலுக்கே பஸ் போயிருக்கும். திரும்பி வந்து கேட்டால், ஒன்பது மணிக்குள் பஸ் சிவகாசி போய்ச் சேர்ந்துவிடும் என்றுதானே தான் சொன்னதாகச் சொல்வார். ஊசி வலிக்காது என்று சொல்லிக் குத்துவார். பிள்ளை வீறிட்டு அழுதால், வலிக்காமல் ஊசி உண்டா, வலிக்கும் என்றுதானே முதலிலேயே சொன்னேன் என்று பஞ்சை வைத்துத் தேய்ப்பார். மாதா கோயில் பாட்டுக் குழுவில் அவர் சொன்ன பாட்டு எண்ணை எல்லோரும் புரட்டி, வேறேதோ சாவுப் பாட்டு வந்து நின்றபோதும், அதைத்தான் பாட வேண்டும் என்று முழுப்பாட்டையும் பாடவைத்தார். அன்றைக்கு நடந்தது கல்யாணம்.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரில் பாதிப்பேர் பயர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு வாய் அதிகம். அவர்கள் ஒருமுறை நர்சம்மாவைக் கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள். ஒருத்திக்குப் பிரசவம் வெள்ளிக்கிழமை ஆகும் என்று அவர் சொன்னதும், அவர் கண் முன்னாலேயே அந்த வீட்டுச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் "வெள்ளி" என்று எழுதி வைத்தார்கள். பிள்ளை திங்கட்கிழமை பிறந்தது. நர்சம்மா பார்க்க வந்தபோது பத்துப் பெண்கள் சுவரைச் சுற்றி நின்றார்கள். நர்சம்மா சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சுவரை நிதானமாகப் படித்தார். "பரவாயில்லியே, மறக்காம எழுதி வச்சிருக்கீகளே. வெள்ளிக்கிழம பிள்ளய எடை பாக்கணும், தூக்கிட்டு வந்துருங்க" என்றார். பத்துப் பேரும் வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அந்தக் காலத்தில் அவரைக் கண்டால் எரிச்சல்தான். ஒரு மனுஷி ஒரு தடவையாவது தப்பு பண்ணியிருக்க மாட்டாளா? அம்மாவிடம் சொன்னால், "அது கெடக்கு. நமக்கு அவுக பண்ணதப் பாரு" என்பாள். பயர் ஆபீஸில் ஒரு தீப்பொறியில் அம்மாவின் இடது கை வெந்துபோனபோது, ஒரு மாதம் தினமும் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றியவர் நர்சம்மாதான். அப்போதும் லேசாக எரியும் என்றுதான் சொன்னார். அம்மா ஊரே கேட்கக் கத்தினாள். கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று நர்சம்மா என்னைக் காட்டி, இந்தப் பிள்ளையை மட்டும் வெடிமருந்துப் பக்கம் விட்டுவிடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைச் சத்தியம் போல எடுத்துக்கொண்டாள். அப்படித்தான் நான் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்கப் படித்து, சிவகாசியில் ஒரு சின்ன பிரஸ்ஸில் டிசைனராகச் சேர்ந்தேன்.

சேர்ந்தேனே தவிர, எனக்கும் ழகரத்துக்கும் ஆகாது. எங்கள் வாயில் அது ளகரமாகத்தான் வரும். பளம், வாளை, மளை. வாயில் வராத எழுத்தை விரல் எங்கே தேடும்? எங்கே ழ போட வேண்டுமோ அங்கே போடமாட்டேன். அந்தப் பயத்திலேயே வேண்டாத இடத்தில் போட்டுவிடுவேன். "பச்சைக்கிளி" என்ற மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் அடித்தபோது "பச்சைக்கிழி" என்று அடித்துவிட்டேன். அட்டையில் அழகான கிளிப் படம், அதன் தலைக்கு மேலே கிழி. ஆர்டர் கொடுத்த பார்ட்டி அதை நிஜமாகவே கிழித்தார். அடுத்தது, ஒரு கோயில் பொங்கல் நோட்டீஸ். பக்தர்கள் பூக்குழி இறங்குவார்கள் என்பதை "பூக்குளி" ஆக்கிவிட்டேன். தீ மிதிக்க விரதம் இருந்த மனிதர்களைப் பூவில் குளிக்கவைத்துவிட்டேன். கோயில் கமிட்டியில் ஏழு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்கு வந்தார்கள்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கெட்டவர் இல்லை. ஆனால் வீணாய்ப்போன பேப்பரைப் பார்த்தால் அவருக்குக் கண் கலங்கிவிடும். கமிட்டிக்காரர்கள் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு எழுத்து தப்பினால் நீ வீட்டுக்குப் போகலாம் என்று சத்தம் போடாமல் சொன்னார். வீடு என்றால் எனக்கு வீடு இல்லை, பயர் ஆபீஸ். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பெட்டி அடைக்க வேண்டியதுதான்.

அதற்கு அடுத்த மார்கழியில்தான் நர்சம்மாவின் போன் வந்தது. காலண்டர் சீசன். மூன்று மிஷினும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் கேட்டு எழுதினேன். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணம் ஒன்று ஏற்பாடு செய்கிறாராம். மாதா கோயில் ஆட்கள், டீச்சர்கள், நர்சுகள் எல்லோரும் வரலாம். லேசான பயணம், காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம், மதியம் சாப்பாடு உண்டு. தலைப்பைத்தான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் "பெரிய கால்வளி சைக்கிள் பயணம்" என்றார்.

ப்ரூப் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியாததா, அடிச்சிரு பிள்ள" என்று வைத்துவிட்டார்.

நான் யோசிக்காமல் இல்லை. வளி என்றால் காற்று, அது இங்கே பொருந்தாது. சொல்கிறவர் நர்ஸ். சொல்வது காலைப் பற்றி. அப்படியென்றால் வலிதான் என்று முடிவு செய்து, பெரிய எழுத்தில், சிவப்பு மையில், "பெரிய கால்வலி சைக்கிள் பயணம்" என்று அடித்தேன். கீழே நர்சம்மாவின் பெயரும் போன் நம்பரும். ழ வராத ஒரு தலைப்பு கிடைத்ததில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நோட்டீஸ் சிவகாசி, நாரணாபுரம் எல்லாம் பேப்பரோடு பேப்பராக வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி அந்த நோட்டீஸைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்தார். அவருக்குப் பல வருஷமாக முட்டி வலி. வீட்டில் அவர் மனைவி நோட்டீஸைப் படித்துவிட்டுப் போகச் சொன்னாராம். அண்ணாச்சிக்குத்தான் சந்தேகம். சைக்கிள் மிதித்தால் கால் வலிக்கும், கால் வலிக்கிறவனை எதற்குச் சைக்கிள் மிதிக்கக் கூப்பிடுகிறார்கள், இது அவர்கள் சொன்னதா, உன் வேலையா என்றார். நான் அந்தத் தலைப்பை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கால்வளி. கால்வழி. வாய்க்கால் வழி.

எங்கள் ஊரை ஒட்டி மழைக்குத் தண்ணீர் ஓடும் பழைய வாய்க்கால் ஒன்று உண்டு, அதை நாங்கள் ஓடை என்போம். எந்த ராஜாவோ வெட்டி, பல கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. மேற்கே இருக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பெரிய கால் என்பார்கள் என்பது நான் எங்கோ கேட்டு மறந்த விஷயம். நர்சம்மா ஊர் ஊராக ஊசிப் பெட்டியோடு போய்வந்தது அந்தக் கரைப் பாதையில்தான். ஓடை என்று சொல்லியிருந்தால் என் வேலைக்கு ஒன்றும் வந்திருக்காது.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி நர்சம்மாவுக்கே போன் போட்டுவிட்டார். பிரஸ் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்றாராம். அவர் வந்து சேர எடுத்த கால் மணி நேரத்தில் நான் என் மேஜை டிராயரைக் காலி செய்து, சீப்பையும் டிபன் டப்பாவையும் பையில் போட்டுவிட்டேன்.

நர்சம்மா நோட்டீஸை ஒருமுறை படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். இது நீங்கள் சொன்னதுதானா என்று அண்ணாச்சி அவரிடம் கேட்டார்.

"நானும் இதத்தானே சொன்னேன்" என்றார் நர்சம்மா.

அந்த ஒரு வாக்கியத்தை அத்தனை வருஷம் எரிச்சலோடு கேட்டவள் நான். அன்றைக்கு அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி லேசில் விடவில்லை. அதென்ன பெரிய கால்வலி என்று கேட்டார். சின்ன வலிக்கு வீட்டிலேயே தைலம் தேய்த்துக்கொள்ளலாம், பெரிய வலிக்குத்தான் பயணம் என்றார் நர்சம்மா, கண்ணைக்கூட இமைக்காமல். மேடு பள்ளம் இல்லாத பாதையில் மெதுவாகச் சைக்கிள் மிதித்தால் முட்டிக்கு நல்லது, எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கும் ஒரு பேரு போட்டுக்கோங்க" என்றார். நர்சம்மாவின் முகம் ஒரு கணம்தான் மாறியது. அவர் இனிமேல் நிஜமாகவே கால்வலிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, நான் அவர் பின்னாலேயே போய் நின்றேன். ஏதாவது சொல்வார், குறைந்தபட்சம் திட்டவாவது செய்வார் என்று நினைத்தேன். "நீயும் வந்துரு. ஒங்க அம்மாவையும் கூட்டிட்டு வா, அவளுக்கும் கால் வலிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய் முகப்பில் கூடிய கூட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எதிர்பார்த்த டீச்சர்களும் நர்சுகளும் ஓரமாக நின்றார்கள். நடுவில் முழுக்கக் கால்வலிக்காரர்கள். முட்டியில் பட்டை கட்டியவர்கள், தைல பாட்டிலைச் சைக்கிள் கூடையில் வைத்தவர்கள், எக்ஸ்ரே கவரை ஹேண்டில்பாரில் மாட்டியவர்கள். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் ஒருவர் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தனக்கு இருப்பது சின்னக் கால்வலிதான், சேர்த்துக்கொள்வீர்களா என்று அவர் கூச்சத்தோடு கேட்டார். ஊசி எங்கே வைத்துப் போடுவார்கள் என்று இன்னொரு அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

நர்சம்மா அசரவில்லை. வருஷா வருஷம் இதைத்தான் செய்கிறவர் போல எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். ரொம்ப முடியாதவர்களைச் சாப்பாட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். மற்றவர்களிடம், வலித்தால் இறங்கி உருட்டிக்கொண்டு வாருங்கள், யாரும் யாரையும் முந்தக் கூடாது என்றார். அப்படியே கிளம்பினோம்.

அந்த வருஷம் நல்ல மழை. கால்வாயில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரைப் பாதை சமமாக இருந்தது, இரு பக்கமும் பனை. கருவேல முள் குத்தி மூன்று சைக்கிள் பஞ்சரானதைத் தவிர வேறு சேதம் இல்லை. ஒவ்வொரு மதகிலும் நர்சம்மா விசிலடித்து நிறுத்துவார். எல்லோரும் வேட்டியையும் சேலையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து, ஓடுகிற தண்ணீரில் காலை விட வேண்டும். கால்மணி நேரம். இது எந்த வைத்தியத்தில் இருக்கிறது என்று ஒரு டீச்சர் மெதுவாகக் கேட்டார். நோட்டீஸிலேயே இருக்கிறதே, பார்க்கவில்லையா என்றார் நர்சம்மா. மூன்றாவது மதகில் அண்ணாச்சி காலை வெளியே எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். சினிமாப் பாட்டு வேறு பாடினார். பிரஸ்ஸில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

நான் மட்டும் ஒரு வாய் தண்ணீர்கூட நிம்மதியாகக் குடிக்கவில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது எதிரில் வந்து, பெரிய கால் வழியா எங்கே போறீக என்று கேட்டுவிட்டால் என் கதை முடிந்தது. எதிரில் ஆள் வரும்போதெல்லாம் சைக்கிளை வேகமாக மிதித்து முன்னால் போய், நானே முதலில் பேச்சுக் கொடுத்துத் திசை திருப்பினேன். ஆட்களைச் சமாளித்தேன். பலகை ஒன்று இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு நின்ற பெரிய மதகில், புளியமரத்தடியில், துருப்பிடித்த தகரப் பலகை ஒன்று இருந்தது. அம்மா எல்லோருக்கும் எலுமிச்சம்பழச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி இலைத்தட்டைப் பிடித்தபடி பலகையைப் படித்தார். பெரிய கால் மதகு என்று இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்துப் பிரித்தார். பலகையைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார். உதடு மெதுவாக அசைந்தது. அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"ஏம்மா, இங்கன வா" என்றார். குரல் பாட்டுப் பாடிய குரல் இல்லை. "இந்தக் காலுக்கே பேரு பெரிய கால்தானா? அப்ப நோட்டீசு கால்வழின்னு வந்திருக்கணும். என்ன சொல்ற?"

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் நர்சம்மா இருந்தார். அவருடைய பழைய வாக்கியம் இனிமேல் உதவாது. பலகை அங்கேயே நிற்கிறது. அதைத்தானே சொன்னேன் என்று எதைச் சொல்ல முடியும்? நான் அம்மாவின் இடது கையைப் பார்த்தேன். நான்தான் தப்பா அடிச்சேன் அண்ணாச்சி என்று சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன்.

"அண்ணாச்சி, தப்பு என்னுது" என்றார் நர்சம்மா. "எனக்கு அந்த எழுத்து வாயில வராது. போன்ல நான் வலின்னுதான் சொன்னேன். பிள்ள கேட்டத அடிச்சிருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அம்மா கையில் கரண்டி சோற்றோடு அப்படியே நின்றது. அவள் நர்சம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏத்தா, யாராச்சும் நர்சம்மாவுக்குப் பிரஷர் பாருங்களேன்" என்றாள் அம்மா. "வெயிலு ஒத்துக்கல போல."

முதலில் அம்மாவோடு வந்திருந்த எங்கள் ஊர்ப் பெண்கள்தான் சிரித்தார்கள். அப்புறம் டீச்சர்கள். ஒரு நர்ஸ் நிஜமாகவே பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நர்சம்மா கையை நீட்டினார், நார்மலாகத்தான் இருந்தது. அண்ணாச்சி கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். இனிமேல் ப்ரூப் காட்டாமல் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஷினுக்குப் போகக் கூடாது என்று என்னிடம் சொன்னார். அதோடு விட்டது.

நான் அந்தப் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்று நன்றாக அழுதுவிட்டுத்தான் வந்தேன். பஸ் நேரத்திலிருந்து பிரசவ நாள் வரை எதிலும் விட்டுக்கொடுக்காத மனுஷி, வாழ்க்கையில் ஒரே ஒரு தப்பை ஒப்புக்கொண்டார். அது அவர் செய்த தப்பு இல்லை.

அடுத்த மார்கழியில் மறுபடியும் நர்சம்மாவின் ஆர்டர் வந்தது. இந்தத் தடவை நான் "பெரிய கால்வழி சைக்கிள் பயணம்" என்று அடித்து, மூன்று முறை சரிபார்த்து, ப்ரூப்பை அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பேனாவை எடுத்தார். ழி-யை அடித்துவிட்டு லி என்று எழுதினார்.

போன வருஷம் இதைத் தப்பு என்று நீங்களே எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டீர்களே என்று கேட்டேன்.

"நானா?" என்றார். "நான் வலின்னு சொன்னேன்னுதானே சொன்னேன். அதுல என்ன தப்பு?"

பிறகு அவர் ஓய்வு பெற்று, மகனோடு வெளியூர் போய்விட்டார். தை மாதப் பயணம் நிற்கவில்லை. மாதா கோயில் ஆட்கள் நடத்துகிறார்கள், நான்தான் நோட்டீஸ் அடிக்கிறேன். இந்த வருஷம் புதிதாக வந்த தமிழ் டீச்சர் ஒருவர் பிரஸ்ஸுக்கே தேடி வந்துவிட்டார். தலைப்பில் பிழை இருக்கிறது, வழி என்று வர வேண்டாமா, இத்தனை வருஷமாக யாருமே பார்க்கவில்லையா என்றார்.

நான் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இல்ல டீச்சர். நர்சம்மா அதத்தான் சொன்னாக" என்றேன்.